தொழிலாளர் படம் பார்த்துக் கவிதை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். உடல் உழைப்பில் வாழ்கிற ஒருவரின் உருவப்படத்தை நடுவில் வைத்து, அதைப் பார்த்துக் கவிதை எழுதுவோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"போட்டோ பார்த்துக் கவிதைன்னா, போட்டோவுக்குக் கீழே நாலு வரி போடுறதா?"

அது படக்குறிப்பு. "செங்கல் சுமக்கும் பெண்" என்பது படத்திலேயே தெரிகிறது. அதையே நாலு வரியாக மடித்துப் போட்டால் படத்தைத்தான் இன்னொரு தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

நாங்கள் ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறோம். படத்தைக் கவிழ்த்துவிட்டுக் கவிதையை வாசியுங்கள். தனியாக நிற்கிறதா? அப்புறம் படத்தை நிமிர்த்தி வைத்து வாசியுங்கள். முதலில் பார்த்தபோது கண்ணில் படாத ஏதாவது இப்போது படுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சரி.

"சித்திரக்கவின்னு படிச்சிருக்கேனே, அதுவும் இதுவும் ஒண்ணா?"

இல்லை. சித்திரக்கவியில் செய்யுளின் எழுத்துகளையே தேர் வடிவத்திலும் பின்னிய பாம்பு வடிவத்திலும் அடைப்பார்கள். ரதபந்தம், நாகபந்தம் எல்லாம் அந்த வகை. அங்கே எழுத்தே படமாகிறது. இங்கே படம் வேறு, எழுத்து வேறு.

நம் பழக்கத்துக்கு மூத்த உறவு வேண்டுமென்றால் பரிபாடலின் 19-ஆம் பாடலைப் பாருங்கள். திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. மலைக்கு வந்தவர்கள் அவற்றைச் சுட்டிக்காட்டி, இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று ஒருவருக்கொருவர் விளக்குகிறார்கள். படத்தின் முன்னால் நின்று பேசுவது தமிழ்க் கவிதைக்குப் புதிதில்லை.

"ஏன் தொழிலாளி படம் மட்டும்? அதுவும் ஏன் முகம் பார்த்து நிற்கிற படம்?"

மற்ற படங்களுக்கும் தாராளமாக எழுதலாம். நாங்கள் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வேலை நடக்கும் காட்சியில் உடம்பு வேலைக்குச் சொந்தம். உருவப்படத்தில் அவர் வேலையை நிறுத்திவிட்டு, படம் எடுப்பவருக்காக நிற்கிறார். அந்த அரை நிமிஷம் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. கருவியைக் கீழே போடுவதா, பிடித்துக்கொள்வதா என்று யோசிப்பார். கேமராவை நேராகப் பார்ப்பார், அதாவது உங்களை.

ஜெர்மன் புகைப்படக்காரர் ஆகஸ்ட் சாண்டர் 1928-இல் எடுத்த ஒரு படம். கட்டட வேலையாள் ஒருவர், தோளில் பலகை, அதில் அடுக்கிய செங்கல், தலைக்குப் பின்னால் செங்கல்லே சட்டமாக நிற்கிறது. அவ்வளவு பாரத்தோடு நேரே பார்க்கிறார், முகத்தில் கெஞ்சல் இல்லை. சாண்டரே சிறுவயதில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய 60 உருவப்படங்கள் 1929-இல் புத்தகமாக வந்தன. 1936-இல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். சாதாரண மனிதர்கள் நேராகப் பார்ப்பது சிலருக்கு அவ்வளவு தொந்தரவாக இருந்திருக்கிறது.

"தொடங்குறதுக்கு நல்ல படம் எங்கே கிடைக்கும்?"

முதலில் வீட்டில் தேடுங்கள். தாத்தாவின் ஆலை அடையாள அட்டை, நலவாரிய அட்டையில் அம்மாவின் படம், இதற்கெல்லாம் மேல் எதுவும் இல்லை.

வெளியே என்றால், அமெரிக்காவின் லூயிஸ் ஹைன் 1908 முதல் குழந்தைத் தொழிலாளர்களை எடுத்த படங்கள் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் 5,000-க்கும் மேல் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் படங்களுக்கு, பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய பாரி இணையக் காப்பகத்தில் பழனிக்குமாரின் படங்களைப் பாருங்கள். மதுரைக்காரர். மீன் விற்ற தன் அம்மாவின் வாழ்க்கையையே படங்களாக எடுத்தவர்.

"பார்த்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் தோணலையே. எவ்வளவு நேரம்தான் பார்க்கணும்?"

இருபது நிமிஷம். பேனாவைத் தொடாமல். முதல் இரண்டு நிமிஷத்தில் தோன்றுவது எல்லாருக்கும் தோன்றும். முகம் நம்மை இழுத்துக்கொள்ளும், அதனால் முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். காலிலிருந்து தொடங்குங்கள்: செருப்பு இருக்கிறதா, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது. அப்புறம் கை, துணி, பின்னால் தெரியும் இடம். கண்ட பொருளை மட்டும் எழுதுங்கள். "பாவம்", "கம்பீரம்" மாதிரிச் சொற்கள் அந்தப் பட்டியலில் வேண்டாம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு படம். எங்கள் நண்பர் ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில், கேட்டு அனுமதி வாங்கி எடுத்தது. ஐம்பது வயதுப் பெண். சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு, கையில் உப்பு வாரும் பலகையின் நீளக் கம்பு. கண் இரண்டும் சுருங்கியிருந்தன. அன்றைக்கு எழுதியவர்களில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணில் சோகத்தைக் கண்டார்கள். நானும்தான். வாசித்து முடித்தபோது, நூலகத்தைக் கூட்டிப் பெருக்க வரும் அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் பல வருஷம் அளத்தில் உப்பு வாரியவர். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அழுகை இல்ல தம்பி. வெயில்ல உப்பு மேல நின்னு பாருங்க, ஒரே வெள்ளை. கண்ணு கூசும்லா."

இரண்டு மணி நேரம் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் கொண்டுபோன சோகத்தைத்தான் பார்த்திருக்கிறோம், அந்த வெயிலைப் பார்க்கவில்லை.

"அந்தத் தொழில் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. கற்பனையா எழுதலாமா?"

கற்பனை வேண்டும், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவதைக் கற்பனை செய்யாதீர்கள். கொத்தனார் படம் என்றால் கையில் இருப்பது தூக்குக்குண்டா, ரசமட்டமா, மணியாசு கட்டையா? மூன்றுக்கும் வேலை வேறு. தூக்குக்குண்டு சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும், ரசமட்டம் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும், மணியாசு கட்டை பூசியதைத் தேய்த்துச் சமமாக்கும். இது தெரிந்தால் கவிதைக்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொரு தடவை, பனையேறி அண்ணாச்சி ஒருவர் சட்டையில்லாமல் நிற்கும் படம். நெஞ்சு நடுவில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. ஒருவர் அதைப் பழைய காயத்தின் வடு என்று எழுதினார். மரத்தை நெஞ்சோடு அணைத்துக் காலையும் மாலையும் ஏறி இறங்கியதால் வந்த காய்ப்பு அது. காயம் ஒரு நாளில் வரும். காய்ப்புக்கு ஆயிரக்கணக்கான ஏற்றம் வேண்டும். பாளையை நசுக்க ஒரு கடிப்பு, சீவ அரிவாள், அதை வைக்க இடுப்பில் பெட்டி, பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு. பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஹைன் இதில் நமக்கு ஆசான். ஆலைக்குள் பைபிள் விற்பவர் போலவும் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் போலவும் நுழைந்திருக்கிறார். தன் கோட்டின் எந்தப் பித்தான் வரை குழந்தையின் தலை எட்டுகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டு, சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே குறிப்பு எழுதுவாராம். படத்தோடு அந்தக் குறிப்பும் இருந்ததால்தான் அதைச் சான்றாக வைத்து வாதாட முடிந்தது.

"வியர்வை முத்து, உழைக்கும் கரங்கள், ரேகை தேய்ந்த கை... இதெல்லாம் எழுதினா என்ன தப்பு?"

தப்பில்லை, தேய்ந்துவிட்டது. "ரேகை தேய்ந்த கை" என்று முதலில் எழுதியவருக்கு அது கண்ணால் கண்டதாக இருந்திருக்கும். இன்றைக்கு அதைத் திரும்பக் காண வேண்டுமென்றால் ரேஷன் கடைக்குப் போங்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற விரலைக் கைரேகைக் கருவி ஏற்காது. விரலைத் துடைத்து, சேலையில் தேய்த்து, வேறு விரலை வைத்துப் பார்ப்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். அதை எழுதினால் ரேகை என்ற சொல்லே தேவைப்படாது.

உப்பளப் பெண்ணின் படத்துக்கு எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவி முதலில் எழுதியது "கடலைக் கரிக்க வைத்தது உன் கண்ணீரோ" என்று தொடங்கியது. அந்த அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு அவளே திருத்தி எழுதியது இது:

பித்தான் வலப்பக்கம்.
வீட்டுக்காரர் சட்டை.
மேல் பித்தான் இருந்த இடத்தில்
ஊக்கு.
கண்ணைச் சுருக்குகிறாள்,
நம்மைப் பார்த்து இல்லை,
நமக்குப் பின்னால் கிடக்கும்
வெள்ளையைப் பார்த்து.

ஆண்கள் சட்டையில் பித்தான் வலப்பக்கம் இருக்கும். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறாள். சட்டையைப் பற்றிய இரண்டாவது வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் அது திரும்பி வரும்.

"மரபா, புதுக்கவிதையா? எத்தனை வரி இருக்கணும்?"

உங்களுக்குக் கைவந்தது எதுவோ அது. சின்னதாக இருந்தால் நல்லது, படமே நிறையப் பேசுகிறது. ஓசை வேண்டுமென்றால் அந்த வேலையின் ஓசையைக் கேளுங்கள். ஏற்றம் இறைத்தவர்கள் எண்ணிக்கையை வைத்தே பாடினார்கள், நடவுப் பாட்டின் இழுப்பு குனிந்து நிமிரும் மூச்சோடு வருவது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் கால்மிதியும் நாடாவும் தாளம்.

"அவங்க பேசுற மாதிரி, 'நான்'னு எழுதலாமா?"

எழுதலாம், ஆனால் முதல் கவிதையிலேயே வேண்டாம். முகம் பார்த்த இருபது நிமிஷத்தில் ஒருவருடைய "நான்" நமக்குக் கிடைத்துவிடாது. உப்பளப் படத்தில் நாங்கள் "நான் அழுகிறேன்" என்று எழுதியிருந்தால் அவர் வாயில் பொய்யை வைத்திருப்போம்.

இதற்குத் தமிழில் நல்ல வழி இருக்கிறது. அகப்பாட்டில் தலைவி மட்டுமா பேசுகிறாள்? தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், வழியில் பார்த்தவர்கள் பேசுகிறார்கள். கண்டோர் கூற்று என்று அதற்குப் பெயரே உண்டு. பாலை வழியில் போகும் இருவரைப் பார்த்து, யாரோ எவரோ, ஆனால் மனசு கேட்காமல் பேசுபவர்கள் அந்தக் கண்டோர். படம் பார்த்து எழுதுகிறவருக்கு அதுதான் உரிய இடம் என்று எனக்குப் படுகிறது. நெருங்கிப் பழகியவர் என்றால் தோழி இடத்துக்குப் போகலாம். பெற்ற அம்மாவின் படமென்றால் மகளாகவே நின்று பேசலாம்.

"பாவமா இருக்கு சார். இரக்கப்பட்டு எழுதுறது தப்பா?"

இரக்கம் வராமல் எப்படி எழுதுவது? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மியே, மண்கொத்தியில் சாய்ந்து மூச்சு வாங்கும் ஒரு விவசாயக் கூலியை 1860-களின் தொடக்கத்தில் வரைந்தார். அந்த ஓவியத்தைக் கண்டு அமெரிக்கர் எட்வின் மார்க்கம் எழுதிய கவிதை 1899-இல் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் வந்து, நாடெங்கும் மறுபடி மறுபடி அச்சாகி, அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. உழைப்பவனை இப்படி ஆக்கியவர்களே, நாளைக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று அது கேட்கிறது. அந்தக் கோபம் உண்மையானது, எனக்கும் பிடிக்கும்.

ஆனால் கோபத்தைக் கூட்டுவதற்காக அந்த மனிதனை எருதுக்கு உடன்பிறப்பாகவும், துக்கமும் நம்பிக்கையும் தெரியாத வெறும் முகமாகவும் ஆக்கிவிடுகிறார் மார்க்கம். மியே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வரைந்தவன் களைத்திருக்கிறான், அவ்வளவுதான். களைத்தவனைப் பார்த்து இவனுக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லும் இடத்தில் இரக்கம் அவனைக் கீழே தள்ளிவிடுகிறது. உங்கள் கவிதையில் அவர் ஏதாவது ஒன்றைச் செய்யட்டும், நினைக்கட்டும், மறுக்கட்டும். அழுதுகொண்டு நிற்பதற்கு மட்டும் அவரை அழைத்து வராதீர்கள்.

"தொழிலைப் பத்தி எழுதினா சாதி வந்து நிக்குமே. அதைத் தொடாம எழுதிட்டா என்ன?"

நான் நெடுநாள் யோசித்தது இந்தக் கேள்வியைத்தான். தொடாமல் எழுதினாலும் அது அங்கேதான் இருக்கும்.

புறநானூற்றின் 82-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் திருவிழா வந்துவிட்டது. மனைவிக்குப் பிரசவ வலி. மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. ஒருவன் வாரால் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான், கையில் ஊசி பறக்கிறது. இத்தனை நெருக்கத்தில் ஒரு தொழிலாளியின் கையைக் காட்டிய வரிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கும். அந்த அவசரம் நம் விரலில் ஏறுகிறது. ஆனால் அந்தக் கை பாட்டுக்குள் வருவது சோழ மன்னன் ஒருவனின் மற்போர் எவ்வளவு வேகம் என்று சொல்லத்தான். கைக்காரனைப் பாட்டு அழைக்கும் பெயர் "இழிசினன்". அவன் கட்டிலை முடித்தானா, வீட்டுக்குப் போனானா, என்ன குழந்தை பிறந்தது? பாட்டு சொல்லாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் மன்னனை விட்டுவிட்டு நான் அவன் பின்னால் போகிறேன்.

படத்திலும் அதே கதை உண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசு, இந்திய மக்களைப் படமெடுத்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. ஆளை நிறுத்தி, கீழே சாதிப் பெயரையும் குணத்தையும் எழுதிவிடுவது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதி போட்டார், மூக்கையும் மண்டையையும் அளந்த கணக்கோடு. அந்தப் படங்களில் நிற்பவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. ஆகவே ஒருவருடைய தொழில் அவர் விரும்பி எடுத்ததா, தலையில் கட்டப்பட்டதா என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். கையால் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்த வேலையில் தள்ளப்பட்டவரின் படத்துக்கு "உழைப்பின் மகிமை" என்று எழுதினால் அது கொடுமைக்கு மாலை போடுவது. அங்கே கோபம்தான் மரியாதை.

"படம் ரொம்ப அழகா இருக்கு. கஷ்டத்தை இவ்வளவு அழகா காட்டலாமா?"

செபஸ்தியாவோ சல்காடோ 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் இதையே கேட்டார்கள். சேறு பூசிய ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டையோடு ஏணியில் ஏறுகிறார்கள், படமோ பழைய ஓவியம் போல இருக்கிறது. எனக்கு அந்த அழகு பிடிக்கும். அழகில்லாவிட்டால் நான் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன். கவிதைக்காரர் செய்ய வேண்டியது, அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவது.

"படத்தோட சேர்த்துக் கவிதையைப் போடலாமா? யார்கிட்ட கேக்கணும்?"

கவிதை உங்களுடையது, படம் உங்களுடையது இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை படத்துக்கு உரிமை இருக்கும். பொதுவாக அது எடுத்தவருக்கு, கூலி கொடுத்து எடுக்கச் சொன்னதென்றால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை எடுக்கச் சொன்னவருக்கு. எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், புகைப்படக்காரர் பெயரையும் போடுங்கள்.

சட்டம் அதோடு நிற்கிறது, நாம் நிற்கக் கூடாது. கலிபோர்னியாவில் 1936-இல் டோரத்தியா லாங்கே பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் ஒரு தாயைப் படமெடுத்தார், பெயரைக் கேட்கவில்லை. அமெரிக்காவின் வறுமைக்கே அந்த முகம் அடையாளமாகிப்போனது. 1978-இல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று சொன்னார். ஒரு பெயர் கேட்க எத்தனை நொடி ஆகும்? கேளுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் கேளுங்கள்.

"எழுதினதை அவங்ககிட்ட காட்டணுமா? படிக்கத் தெரியாதவங்களா இருந்தா?"

வாசித்துக் காட்டுங்கள். முடிகிற எல்லாத் தடவையும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அளத்தில் வேலை நிற்கப்போகிற நேரத்தில், படம் எடுத்த நண்பரும் அந்த மாணவியும் நானும் உப்பளத்துக்குப் போனோம். காலை வேலை முடிந்து பெண்கள் கொட்டகை நிழலில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். மேலே ஏழாவது பதிலில் இருக்கும் கவிதையை மாணவி வாசித்தாள், குரல் நடுங்கியது.

படத்தில் இருந்த அக்கா முழுவதையும் கேட்டார். ஊக்கைப் பற்றிய வரியில் சிரித்து, பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். அப்புறம், "வீட்டுக்காரர் சட்டை இல்லம்மா, அது எங்க அண்ணன் சட்டை. அவரும் இங்கதான் வேலை பார்த்தாரு" என்றார். "பார்த்தாரு" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாணவி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து இரண்டாவது வரியை அடித்து "அண்ணன் சட்டை" என்று எழுதி, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது அக்கா, போட்டோவில் ரெண்டு காப்பி போட்டுத் தரச் சொன்னார், ஒன்று அண்ணன் வீட்டுக்கு. அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.